ஒற்றை நட்சத்திரம்

மே மாதம் மூன்று நாள் விடுப்பு.
பணிமனையில் கையெழுத்தான தாளைக்
குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்.
ஒல்ட்ரிச் அன்றிரவே
சாக்ரெப் நகரத்தை நாற்பது கட்டங்களாகப் பிரித்துவிட்டான்.

மேல்நகரம், காலை ஒன்பது.
கூரை ஓடுகளில் கேடயச் சின்னம் பதித்த தேவாலயம், இருபது நிமிடம்.
பிரிந்த காதலர்கள் விட்டுப்போன பொருட்களின் காட்சியகம்,
ஒன்றரை மணி நேரம்.
ஏன் அவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
நண்பகலில் கோபுரத்திலிருந்து பீரங்கி வெடிக்கும்;
அதைக் கேட்க எந்தப் படியில் நிற்பது என்பதுவரை
நீல மையில்.
நிலப்பதிவு அலுவலகத்தில் வேலை அவனுக்கு.
எந்த ஊரும் அளந்து முடித்த மனைதான்.

நான் சலீனா ஓட்டுகிறவள்.
எங்கள் ப்ர்னோவில் டிராமுக்கு அதுதான் பெயர்,
ப்ராகில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.
பதினேழு வருடமாக ஒன்றாம் எண் வண்டி.
காலில் சக்கரம் கட்டியவள் என்று கேலி செய்கிறார்கள்.
சக்கரம் சரிதான்.
தண்டவாளம் போகச் சொன்ன இடத்துக்கு மட்டும்.

தங்குமிடம் தேடுவது என் பங்கு.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
முன்பு தங்கிப் போனவர்களின் குறைகளைப் படிக்கிறேன்.
பூங்காவைப் பார்த்த விடுதி:
அமைதி, அமைதி என்று பதினோரு பேர்.
தள்ளினேன்.
சந்தைக்குப் பின்னால் ஓர் அறை,
சன்னலுக்குக் கீழே சிவப்புக் குடைகள் விரியுமாம்,
காலையில் ஏழு வகைப் பாலாடைக்கட்டி.
"இது?" என்று எட்டிப் பார்த்தான்.
"சுவரெல்லாம் ஈரமாம்."
பொய்.

பிறகு இலித்சா தெருவில் ஒரு மூன்றாம் மாடி.
லிஃப்ட் கிடையாது. குளியலறைக் கதவு சாத்தாது.
யோர்ன் என்பவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார்:
அதிகாலை நாலரைக்கு முதல் டிராம்.
வளைவில் கிறீச்சிடுகிறது.
கட்டிலே நடுங்குகிறது. தயவுசெய்து போகாதீர்கள்.

மூன்று முறை படித்தேன்.
யோர்ன், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

போன வருடம் ஒரு ஏரிக்கரை விடுதி.
அவ்வளவு அமைதி.
நாலரைக்கு நானாகவே விழித்து
இருட்டில் உட்கார்ந்திருந்தேன்,
எதையோ ஓட்ட மறந்துவிட்டவள் போல.

அந்த நேரத்தில் உலகத்தில் இரண்டு சாதிதான்:
டிராமை ஓட்டுகிறவர், டிராமைச் சபிக்கிறவர்.
ஒரே ஒரு தடவை இரண்டாவதில் சேர ஆசை.
கட்டில் நடுங்கட்டும்.
யாரோ ஒருவர், முகம் தெரியாதவர்,
வளைவுக்கு முன் வேகம் குறைக்கிறாரா,
ஈரத் தண்டவாளத்தில் மணல் தூவுகிறாரா,
கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறவளுக்காகக்
கதவைத் திறந்து வைத்திருக்கிறாரா
எல்லாம் போர்வைக்குள்ளிருந்தே கேட்டுவிட்டு
மறுபக்கம் புரண்டு படுக்க வேண்டும்.

இதை அவனிடம் எப்படிச் சொல்ல?
"நடுவில் இருக்கிறது" என்றேன்.
"எல்லாவற்றுக்கும் பக்கம்."
அளவுகோலை வரைபடத்தில் வைத்துப் பார்த்தான்.
உண்மைதான், எல்லாவற்றுக்கும் பக்கம்.
வாடகையைப் பார்த்ததும் புருவம் இறங்கியது.
பிறகு யோர்னைப் படித்தான்.
உதடு அசையப் படிக்கிற பழக்கம்.
நான் கோப்பையைக் கழுவினேன்,
ஏற்கனவே கழுவிக் கவிழ்த்திருந்ததை.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
மேல்நகரம் ஒன்பது என்பதை அடித்துவிட்டுப்
பதினொன்று என்று எழுதினான்.
இரண்டாம் நாளும் அப்படியே.
மூன்றாம் நாளில் தேவாலயம் போயே போய்விட்டது.
பீரங்கி மட்டும் நண்பகலிலேயே நின்றது,
அதைத் தள்ளிவைக்க அவனால் முடியாது.

பேனாவை மூடும்போது,
"காதடைப்பான் வாங்க வேண்டும்" என்றான்.
"ஒரு ஜோடி போதும், இல்லையா?"

அலாரத்தை மூன்றரைக்கு வைத்தேன்.
மே மாதத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள்.